பதினோராவது இடத்தில் மெக்கானிக்கல்

எனக்குக் கோபம் வரும். சீக்கிரம் வரும், லேசில் போகாது. பிள்ளைக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா இதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க விரதம்கூட இருந்து பார்த்தாள், ஒன்றும் குறையவில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம், கையில் வந்து விழுந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. இன்று துறைமுகத்தில் கிரேன் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்தக் கதையை யாராவது கேட்டால் இப்போதும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் அப்பாவுக்குக் கடை. கயிறு, செயின், கப்பி, நட்டு, போல்ட்டு என்று படகுக்கும் லாரிக்கும் வேண்டிய இரும்புச் சாமான்கள். அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலிருந்து சின்ன வயதில் இங்கே வந்து, இன்னொருவர் கடையில் நின்று, பிறகு தனக்கென்று ஒன்று போட்டவர். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் வியாபாரத்தில் அவரை ஏமாற்ற இன்னொருவர் பிறந்துதான் வரவேண்டும் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். கழித்துப்போட்ட சாமான்களை மொத்தமாக ஏலம் விடுகிற இடங்களுக்கு அவர் அடிக்கடி போவார். அங்கே அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குவியல் வேண்டுமோ அதைத் திரும்பியே பார்க்க மாட்டார். பக்கத்துக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து, தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதற்கு விலை கேட்டுவிட்டு, கடைசியில் போனால் போகிறது என்பதுபோலத் தனக்கு வேண்டியதைக் கேட்பார். பாதி விலைக்கு முடித்துக்கொண்டு வருவார்.

பள்ளிக்கூடம் விட்டால் நான் கடைக்குப் போய்விடுவேன். வருகிறவர்கள் ஒடிந்த சாமானைக் கையில் கொண்டுவந்து, "இதே மாதிரி ஒண்ணு குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். அப்பா அளவைப் பார்த்துப் புதிதை எடுத்துக் கொடுப்பார். ஒடிந்ததைக் கடைவாசலில் ஒரு டின்னில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த டின்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். எந்த சைஸ் என்பது அப்பாவின் கேள்வி, ஏன் ஒடிந்தது என்பது என்னுடையது. சிலது ஒரே அடியில் ஒடிந்திருக்கும், ஒடிந்த வாய் முழுக்கச் சொரசொரவென்று பளபளக்கும். சிலதில் பாதி வாய் தேய்ந்து கறுத்திருக்கும், மீதி மட்டும் புதிதாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கீறல் விட்டு, தாங்கித் தாங்கி, ஒருநாள் கைவிட்டது என்று அதற்கு அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு விசைப்படகு டிரைவர் மாதத்துக்கு இரண்டு தடவை வந்துகொண்டிருந்தார். வலை இழுக்கிற விஞ்சு எந்திரத்தைப் படகோடு பிடித்திருக்கும் போல்ட்டு ஒடிந்துகொண்டே இருந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த ஒடிந்த வாயைப் பார்த்துச் சந்தேகம். எல்லாமே ஒரே பக்கத்துப் போல்ட்டா என்று அவரிடம் கேட்டேன். ஆமாம் என்றார். அப்படியானால் போல்ட்டில் தப்பில்லை, விஞ்சுக்கு அடியில் இருக்கிற தகடு சாய்ந்திருக்கும், அதைச் சரிசெய்யுங்கள் என்றேன். அவர் சரிசெய்தார். அதற்கப்புறம் போல்ட்டு வாங்க வரவே இல்லை. வந்த லட்சுமியை விரட்டிவிட்டாள் என்று அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினார். நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

எஞ்சினியரிங்கில் எதை எடுப்பது என்பது எனக்கு அன்றைக்கே முடிவாகிவிட்டது. வீட்டுக்குத்தான் முடிவாகவில்லை.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. முதல் சுற்றுக் கவுன்சிலிங்கிலேயே கூப்பிடுகிற அளவுக்கு மார்க். இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு மெக்கானிக்கலா என்று ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறார். எங்கள் சொந்தத்தில் கல்லூரி விஷயம் என்றால் அவர் சொன்னதுதான் சட்டம். கம்ப்யூட்டர், இல்லாவிட்டால் அதற்குப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒன்று, அதைத் தவிர மற்றதெல்லாம் பழைய இரும்பு என்றார். பழைய இரும்பை விற்றுத்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது என்று நான் சொன்னேன். போனை வைத்துவிட்டார். அம்மாவுக்கு வேறு கவலை. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு நடுவில் கரியும் கிரீஸுமாக நான் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பத்து நாள் என்னோடு அவள் சரியாகப் பேசவில்லை. சோற்றை மட்டும் வழக்கம்போல நிறைய வைத்தாள்.

அப்பா இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. மாமா பேசும்போது தலையாட்டுவார், நான் பேசும்போதும் தலையாட்டுவார். அவரை என் பக்கம் திருப்பியது நான் இல்லை. அந்தப் படகு டிரைவர்தான்.

ஒருநாள் மத்தியானம் அவர் ஒடிந்த கப்பி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். அப்பா கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. "அந்தப் பிள்ள இல்லயா அண்ணாச்சி? அது வரட்டும், காட்டிட்டுப் போறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. முப்பது வருஷமாகக் கல்லாவில் இருக்கிற மனிதர், அவர் கடையிலேயே அவரைத் தாண்டி இன்னொருத்தியைக் கேட்டு ஒருவர் காத்திருக்கிறார். நான் சாப்பிட்டுவிட்டு வந்து கப்பியைப் பார்த்துச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். டிரைவர் போன பிறகு அப்பா வெகுநேரம் கணக்கு நோட்டைப் புரட்டுவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஒனக்கு என்ன வேணுமோ அதையே போடுளா. நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

கவுன்சிலிங் எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் வேண்டும் என்று வரிசையாக ஒரு பட்டியல் போடவேண்டும். நம் முறை வரும்போது அது பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். இடம் இருந்தால் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இல்லாவிட்டால்தான் இரண்டாவது வரிக்குப் போகும். அதனால் எது ரொம்பப் பிடிக்குமோ அதுதான் மேலே இருக்கவேண்டும். எங்கள் தெருமுனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிற அக்காவிடம் போய், பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருக்கிற அரசுக் கல்லூரியின் மெக்கானிக்கலை முதல் வரியில் போட்டேன். அதன் கீழே வேறு ஊர்களின் மெக்கானிக்கல். கடைசிநாள் சாயங்காலத்துக்குள் பட்டியலை இனி மாற்றமுடியாதபடி லாக் செய்யவேண்டும். அதற்கு ஓடிபி வரும். எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அப்பாவின் போன் நம்பர்.

கடைசிநாள் நான் போவதற்கு முன்னால் அப்பாவே போய் லாக் செய்துவிட்டு வந்திருந்தார். கடை வேலைக்கு நடுவில் எனக்காக வெயிலில் நடந்து போயிருக்கிறாரே என்று அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஏலத்தில் நல்ல குவியலாக முடித்துவிட்டு வரும்போது இருக்கிற சிரிப்பு. எனக்கு அப்போதாவது உறைத்திருக்கவேண்டும்.

கவுன்சிலிங் ரிசல்ட் வந்த காலையில் கடையில் அப்பாவின் போனிலேயே திறந்து பார்த்தேன். ஒரு தனியார் கல்லூரியின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். வேறு யாருடைய ரிசல்ட்டோ என்று நினைத்துப் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அக்கா பட்டியலை எடுத்துக் காட்டினாள். மேலே பத்து வரி கம்ப்யூட்டர். என்னுடைய மெக்கானிக்கல் பதினோராவது இடத்தில் இருந்தது. அண்ணாச்சிதான் வந்து மாற்றச் சொன்னார், எல்லா வீட்டிலும் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்தேன் என்றாள். அவள்மேல் தப்பில்லை.

நான் திரும்பிக் கடைக்குள் ஏறும்போது அப்பா இன்னும் அதே சிரிப்போடுதான் நின்றார்.

"என்னளா, மெக்கானிக்கல் கெடச்சுட்டா?"

"நீங்க லிஸ்ட்ட மாத்துனியளா?"

"மாத்தல. நீ கேட்டதும் அதுல இருக்கு. கொஞ்சம் கீழ தள்ளிப் போடச் சொன்னேன், அவ்வளவுதான்."

"எதுக்குப்பா?"

"நமக்கு வேண்டியத எடுத்த எடுப்புல கேட்டா எவன்ளா குடுப்பான்?"

இந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை. மாமா பக்கம் சாயவும் இல்லை. எனக்கு மெக்கானிக்கல் எப்படியாவது கிடைத்துவிடவேண்டும் என்றுதான், தன் வாழ்நாளில் ஒருதடவைகூடத் தோற்காத வித்தையைக் கவுன்சிலிங்கிடம் காட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரைப் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் இல்லை என்பார்கள், அப்புறம் மனசு இரங்கி, சரி இதையாவது வைத்துக்கொள் என்று மெக்கானிக்கலைக் கொடுப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். அது ஆளைப் பார்த்துப் பேரம் பேசுகிற கடை இல்லை, கேட்டதைக் கேட்ட வரிசையில் கொடுத்துவிடுகிற மெஷின் என்று நான் கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கடையைவிட்டு இறங்கித் துறைமுக ரோட்டில் நடந்தேன். கோபித்துக்கொண்டு போகிறவளுக்கும் வெயில் வெயில்தான். உப்பு லாரிகள் இரண்டு புழுதியை வாரியடித்துவிட்டுப் போனதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அங்கே அம்மா தெருவுக்கே முந்திரி மக்ரூன் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கடையைவிட்டு இறங்கிய கையோடு அப்பா வீட்டுக்குப் போன் செய்து, கம்ப்யூட்டர் கிடைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார், மாமாவுக்கு அம்மா சொல்லியிருந்தாள். நானாகவே மனம் மாறிக் கம்ப்யூட்டரை மேலே போட்டிருக்கிறேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அத்தை என் கன்னத்தைக் கிள்ளிப் புத்திசாலிப் பிள்ளை என்றாள். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கடைத்தெருவே அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மனிதர், பட்டியல் போடத் தெரியாமல் மகள் படிப்பைக் கெடுத்துவிட்டார் என்று நாளைக்கு அதே கடைத்தெரு சிரிக்கும். அது எனக்குப் பொறுக்காது. மக்ரூன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

முடிவு சொல்ல இரண்டு நாள் இருந்தது. அக்காவிடம் போய் உட்கார்ந்து வழி கேட்டேன். கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு பட்டியலில் அதற்கு மேலே இருப்பதற்குக் காத்திருக்கலாம், ஆனால் என்னுடையது கீழே இருக்கிறது, கீழே இறங்க வழியே இல்லை என்றாள். ஒரே வழி, கிடைத்ததை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது. முதல் சுற்றில் எடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் அப்போது கிடைக்கும். எல்லாரும் கம்ப்யூட்டருக்கே அடித்துக்கொள்வதால் மெக்கானிக்கல் மிஞ்சும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உத்தரவாதம் தரமாட்டேன் என்றாள். அந்த அரசுக் கல்லூரியில் இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்று பார்த்தோம். கொஞ்சம் இருந்தது. எனக்கு அது போதும்.

வீட்டில் சொன்னேன். அதன்பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை, அம்மா அவ்வளவு அழுதாள். காசைக் கொட்டினாலும் கிடைக்காத சீட்டு, தானாக வந்ததைக் காலால் எட்டி உதைக்கிறாளே என்றாள். மாமா போனில் என்னோடு பேசவே மறுத்துவிட்டு, அவளுக்குத் திமிர் என்று அம்மாவிடம் சொன்னார். தான்தான் மாற்றினேன் என்று அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் இரண்டுபேருக்கும் நடுவில் அந்தச் சங்கதி தொண்டையில் சிக்கிய மீன்முள் மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் பிரவுசிங் சென்டருக்கு நானும் அப்பாவும் போனோம். அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். அவள் கையிலிருந்த போனில் மாமா இருந்தார். வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்கிற கட்டத்தை நான் அழுத்தினேன். ஓடிபி கேட்டது. அப்பாவின் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. அவர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நம்பரச் சொல்லாதிய" என்றாள் அம்மா. "அத்தான், சொல்லாதிய. பிள்ள வாழ்க்க போயிரும்" என்றார் மாமா. ஓடிபிக்குச் சில நிமிஷம்தான் ஆயுசு. அவர் சும்மா நின்றாலே போதும், அது செத்துவிடும், சாயங்காலம் நேரமும் முடிந்துவிடும். நான் கெஞ்சவில்லை. இந்த மனிதர் வாயைத் திறக்காவிட்டால் ஆயுசுக்கும் இவரோடு பேசமாட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எண்ணாக, கடைத்தெருவில் சாமான் எண்ணிப்போடுகிற குரலில், உரக்கப் படித்தார். ஆறு எண்ணும் படித்தார். நான் தட்டினேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் போய்விட்டது.

அடுத்த சுற்று வருவதற்குள் ஒரு மாசம் ஆனமாதிரி இருந்தது. கல்யாணவீடு, சடங்குவீடு என்று எங்கே போனாலும், முதலில் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கிவிட்டுப் பிறகு வேண்டாம் என்று தூக்கிப்போட்ட பிள்ளை இவள்தான் என்று கை நீட்டிக் காட்டினார்கள். கேட்கத் தெரியவில்லை, கொடுத்ததை வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை என்றார்கள். அப்பாவும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பார். நான் அவரைப் பார்ப்பேன், அவர் பந்தலைப் பார்ப்பார். கொஞ்சம் வெறுப்பாகவே இருந்தது, பொய் சொல்வானேன்.

இரண்டாவது சுற்றில் நான் போட்ட பட்டியலில் ஒரே ஒரு வரிதான். அந்த அரசுக் கல்லூரி, அந்த மெக்கானிக்கல். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். ஆளாளுக்கு நூறு, இருநூறு என்று போடுகிறார்கள், பத்தாவது போட்டுவை என்று மன்றாடினாள். இன்றைக்கு எந்தப் பிள்ளையாவது என்னிடம் வந்து இப்படிச் செய்யப்போகிறேன் என்றால் நானே நாலு அறை கொடுத்துப் பத்து வரி எழுதவைப்பேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் இருந்தது, கோபம் இருக்கிறவளுக்கு ஒரு வரி போதும். அப்பா அந்த ஒற்றை வரியைப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். ஓடிபியைச் சொன்னார்.

ரிசல்ட் வந்த அன்று கடையில் நல்ல கூட்டம். ஒரு தோணிக்காரருக்கு நானும் அப்பாவும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் செயின் அளந்துகொண்டிருந்தோம். மெசேஜ் வந்தது. கையிலிருந்த கிரீஸோடேயே திறந்தேன். கல்லூரிப் பெயர் சரி. பக்கத்தில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங். இந்தத் தடவையும் மூன்று தடவை படித்தேன். "எப்பா, கெடச்சுட்டு" என்றேன். அப்பா செயினைக் கீழே போட்டுவிட்டு என் தலைமேல் கையை வைத்தார். முடியெல்லாம் கிரீஸ். ஜெயித்துவிட்டேன், யார் என்ன சொன்னாலும் நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் கூத்தாடியது.

அம்மா மூலமாக மாமாவுக்கு விஷயம் போய், கொஞ்சநேரத்தில் அவரே கூப்பிட்டார். கை அழுக்காக இருந்ததால் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாமேல் வைத்தார். மாமா விடவில்லை. கிடைத்ததெல்லாம் சரிதான், ஆனால் முதலிலேயே ஒழுங்காகப் பட்டியல் போட்டிருந்தால் இத்தனை பேருடைய உயிரை வாங்கியிருக்க வேண்டாம், இந்தப் பிள்ளையின் புத்தி நிலையில்லாத புத்தி, காலேஜிலும் இப்படித்தான் செய்யப்போகிறாள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், எல்லாருக்கும் கேட்டது. எனக்குப் பழகிப்போயிருந்தது. செயினைத் தூக்கப் போனேன்.

"மாப்ள, நிறுத்தும்" என்றார் அப்பா. "மொத லிஸ்ட்ட மாத்துனது நான். அவ ஒழுங்காத்தான் போட்டுருந்தா. எனக்குத்தான் ஒரு எழவும் தெரியல. இத்தன நாளும் அத்தன பேர்ட்டயும் ஏச்சு வாங்குனா, என்னக் காட்டிக்குடுக்கல. இனி அவள ஒரு வார்த்த சொல்லாதயும்."

தன் வாயால் தப்பு என்மேல் என்று அப்பா சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை, இத்தனை பேர் முன்னால் சொல்வார் என்று கனவிலும் நினைத்ததில்லை. சீட்டு கிடைத்தபோது அழாதவள் அப்போது அழுதேன், கடைவாசலில், கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, மூஞ்சியெல்லாம் கறுப்பாக. அப்பா என்னைப் பார்க்காமல் செயினின் மறுமுனையைத் தேடி எடுத்துக்கொண்டு, "பிடிளா, ஆள் நிக்குல்லா" என்றார்.